ரோலிங் ரிலீஸில் கெட்ட அப்டேட்டைப் பின்வாங்குவது: கேஷா, காப்பகமா, ஸ்னாப்ஷாட்டா, நிக்ஸா?

ரோலிங் ரிலீஸ் லினக்ஸில் (ஆர்ச், டம்பிள்வீட் போல, தனித்தனி வெர்ஷன்கள் இன்றித் தொடர்ந்து அப்டேட் ஆகும் வகை) "முந்தைய வெர்ஷனுக்கே போய்விடலாம்" என்று சொல்ல, முந்தைய வெர்ஷன் என்று ஒன்று கிடையாது. நேற்றுவரை ஓடியது நேற்றைய ரெப்போவில் (பேக்கேஜ் கிடங்கில்) இருந்த பேக்கேஜ்களின் ஒரு சேர்க்கை. இன்று அதில் 80 பேக்கேஜ் மாறிவிட்டன. திரையைக் கறுப்பாக்கியது அவற்றில் எது என்று தெரியவில்லை. பின்னால் போக நான்கு வழிகள் உண்டு. பழைய பேக்கேஜைக் கேஷிலிருந்து (முன்பு இறக்கிய பேக்கேஜ்கள் தங்கும் இடம்) எடுத்துப் போடலாம். முழு சிஸ்டத்தையும் ஒரு பழைய தேதிக்குத் தள்ளலாம். ஃபைல் சிஸ்டம் ஸ்னாப்ஷாட்டுக்கு (முன்பு ஒரு கணத்தில் டிஸ்க் இருந்த நிலையின் பதிவு) திரும்பலாம். அல்லது நிக்ஸ் ஓஎஸ் போல ஒவ்வொரு மாற்றத்தையும் தனித் தலைமுறையாக வைத்துக்கொள்ளலாம். நான்குமே வேலை முடிந்ததும் "திரும்பிவிட்டது" என்றுதான் சொல்லும். ஆனால் ஒவ்வொன்றும் எதையோ ஒன்றைத் திருப்பாமல் விட்டுவிடும். விடுபடுவது எது என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தப் படியில் நின்றுபோனது?

கணினி எழுந்து வருவதில் ஒரு வரிசை இருக்கிறது: பூட்லோடர், கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் (கர்னலோடு ஏறும் தற்காலிகத் தொடக்கக் கோப்புத் தொகுப்பு), சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்குவது), டெஸ்க்டாப், கடைசியாகத் தனித்தனி செயலிகள். மீட்கும் கருவி, கெட்டுப்போன படிக்கு முந்தைய படியிலேயே கைக்குக் கிடைக்க வேண்டும். டெஸ்க்டாப் மட்டும் வரவில்லை என்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி வேறொரு கன்சோலில் நுழைந்து எல்லாவற்றையும் செய்துவிடலாம். கர்னல் கெட்டால் பூட் மெனுவில் இன்னொரு கர்னல் இருக்க வேண்டும். பூட்லோடரே கெட்டால் வெளியிலிருந்து வரும் லைவ் யூஎஸ்பி (டிஸ்க்கைச் சாராமல் லினக்ஸ் எழும் பென்டிரைவ்) ஒன்றே கதி.

2022 ஆகஸ்டில் ஆர்ச்சில் வந்த க்ரப் (ஒரு பூட்லோடர்) அப்டேட் இதற்கு நல்ல பாடம். புதிய க்ரப் எழுதித்தந்த கான்ஃபிக் கோப்பில், டிஸ்க்கில் ஏற்கெனவே நிறுவியிருந்த பழைய க்ரப்புக்குப் புரியாத ஒரு விருப்பம் இருந்தது. கான்ஃபிக்கை மட்டும் புதிதாக எழுதி, க்ரப்பை மறுபடி நிறுவாமல் விட்ட கணினிகள் லினக்ஸ் வரை வரவே இல்லை. ஸ்னாப்ஷாட் வைத்திருந்தவர்களுக்கும் அதே நிலைதான். அவர்களுடைய ஸ்னாப்ஷாட் பட்டியல் அதே க்ரப் மெனுவுக்குள்தான் இருந்தது. லைவ் யூஎஸ்பியில் எழுப்பி, ஆர்ச்-க்ரூட் போட்டு (டிஸ்க்கிலுள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து), க்ரப்-இன்ஸ்டாலை ஒருமுறை ஓட்டியதும் சரியாயிற்று. ஆகவே கீழே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், ஓரளவு சமீபத்திய லைவ் யூஎஸ்பி ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.

கேஷிலிருந்து ஒற்றைப் பேக்கேஜ்

எந்தப் பேக்கேஜ் என்று தெரிந்துவிட்டால் இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. ஆர்ச்சின் பேக்கேஜ் மேலாளரான பேக்மேன், தான் இறக்கிய பேக்கேஜ்களை /வார்/கேஷ்/பேக்மேன்/பிகேஜி அடைவில் விட்டு வைக்கும். அங்கிருக்கும் பழைய கோப்பை, பெரிய எழுத்து "யூ" விருப்பத்தோடு பேக்மேனிடம் கொடுத்தால் போதும். கடைசி அப்டேட்டில் எது எந்த வெர்ஷனிலிருந்து எதற்கு மாறியது என்பது /வார்/லாக் அடைவில் உள்ள பேக்மேன் லாக்கில் வரிவரியாக இருக்கும். அதோடு, தோற்றுப்போன பூட்டின் ஜர்னலையும் (சிஸ்டம்டியின் பதிவு; ஜர்னல்சிடிஎல், "பி" விருப்பத்துக்கு மைனஸ் 1) வைத்துப் பார்த்தால் சந்தேகப் பட்டியல் பெரும்பாலும் மூன்று நான்கு பெயராகச் சுருங்கிவிடும்.

இங்கே சறுக்குவது இரண்டு இடங்களில். முதலாவது, கேஷைச் சுத்தம் செய்யும் பழக்கம். "எஸ்சி" விருப்பத்தில் சி-யை இரண்டு முறை கொடுத்தால் கேஷ் மொத்தமும் காலி. அதற்குப் பிறகு திரும்பிப் போக எதுவும் மிஞ்சாது. பேக்மேன்-கான்ட்ரிப்பில் வரும் பேக்கேஷ் கருவி தானாகவே ஒவ்வொரு பேக்கேஜிலும் கடைசி 3 வெர்ஷனை விட்டுவைக்கும். அதன் டைமரை இயக்கி வைத்துவிட்டால் கையால் துடைக்கும் தேவையே வராது.

இரண்டாவது, கூட்டாளிகளை மறப்பது. ஒரே மூலத்திலிருந்து பிறந்த பேக்கேஜ்களைச் சேர்த்தே இறக்க வேண்டும்: மீசா (கிராஃபிக்ஸ் லைப்ரரி) என்றால் அதன் 32-பிட் ஜோடியும் வல்கன் டிரைவரும், கர்னல் என்றால் அதன் ஹெடர்ஸும், என்விடியா டிரைவர் என்றால் அதன் யூட்டில்ஸும். வெர்ஷன் எண்ணோடு சார்பு எழுதியிருந்தால் பேக்மேனே தடுக்கும். எழுதாமல் விட்ட இடங்களில் அமைதியாக நிறுவிவிட்டு, ஓடும்போது "ஷேர்டு லைப்ரரியைக் காணோம்" என்ற பிழையில் கொண்டுபோய் நிறுத்தும். ஏறக்குறைய எல்லா நிரலும் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியைத் தனியாகப் பின்னிறக்கவே கூடாது. புதிய ஜிலிப்சியோடு கட்டப்பட்ட நிரல்கள் அதன் புதிய குறியீடுகளைக் கேட்கும். அவை இல்லையென்றால் ஷெல்லோ பேக்மேனோகூட எழாமல் போகலாம். அந்த நிலைக்கு வந்துவிட்டால் லைவ் யூஎஸ்பியில் டிஸ்க்கை மவுன்ட் செய்து, உள்ளே இருக்கும் பேக்மேனை நம்பாமல், யூஎஸ்பியிலுள்ள பேக்மேனுக்கே "சிஸ்ரூட்" விருப்பத்தில் மவுன்ட் இடத்தைக் காட்டி நிறுவ வேண்டும்.

பின்னிறக்கிய பேக்கேஜின் பெயரை பேக்மேன் கான்ஃபிக்கில் "இக்னோர்பிகேஜி" வரியில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த அப்டேட் அதே கோளாறைத் திரும்பக் கொண்டுவரும். ஆனால் இது கடன் மாதிரி, நாளாக நாளாக ஏறும். மற்றவை முன்னே போக ஒன்று மட்டும் பின்னே நிற்பது ஆர்ச் ஆதரிக்காத பாதி அப்டேட் நிலை. ஒரு செயலியை ஒரு மாதம் நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது; பலரும் சார்ந்திருக்கும் லைப்ரரியை நிறுத்தினால் ஒரு வாரத்திலேயே சிக்கல் தொடங்கலாம்.

முழு சிஸ்டமும் ஒரு தேதிக்கு

எது கெடுத்தது என்றே பிடிபடவில்லை, ஸ்னாப்ஷாட்டும் எடுத்து வைக்கவில்லை என்றால் ஆர்ச் லினக்ஸ் காப்பகம் கைகொடுக்கும். ஒவ்வொரு நாளும் ரெப்போ எப்படி இருந்ததோ அப்படியே ஆண்டு, மாதம், நாள் என்ற அடைவுகளில் அங்கே கிடைக்கும். மிரர் பட்டியலில் (பேக்கேஜ் இறக்கும் சர்வர்களின் பட்டியல்) உள்ளவற்றை ஒதுக்கிவிட்டு, காப்பகத்தின் அந்தத் தேதி முகவரியை மட்டும் வைத்து, பேக்மேனை "எஸ்", இரண்டு "ஒய்", இரண்டு "யூ" விருப்பங்களோடு ஓட்ட வேண்டும். இரண்டாவது ஒய், உள்ளூர்ப் பட்டியல் புதிதாக இருந்தாலும் மறுபடி இறக்கச் சொல்கிறது. இரண்டாவது யூ, வெர்ஷன் குறைவதை அனுமதிக்கிறது. இதில் ஒன்றை விட்டாலும் "செய்ய எதுவும் இல்லை" என்று பதில் வந்து குழப்பும்.

கேஷ் வழியைவிட இது ஒரு விதத்தில் பாதுகாப்பானது. அந்தத் தேதியில் எல்லாப் பேக்கேஜும் ஒன்றோடொன்று பொருந்தியே இருந்தன. பாதி அப்டேட் என்ற பேச்சே எழாது. குற்றவாளியைத் தேடவும் உதவும்: ஜனவரி 1 நன்றாக இருந்தது, 17 கெட்டது என்றால் 9-ஆம் தேதியை முயன்று பார்க்கலாம், நாலைந்து தாவலில் நாள் தெரிந்துவிடும். விடுபடுவது ஏயூஆர் (பயனர்கள் பகிரும் கட்டுமானக் குறிப்புகள்) வழியே கட்டிய பேக்கேஜ்கள். அவை காப்பகத்தில் இல்லை. புதிய லைப்ரரிகளோடு கட்டியவை பழைய சிஸ்டத்தில் எழாது, மறுபடி கட்ட வேண்டும். கான்ஃபிக் கோப்புகளும் பின்னே வராது. நீங்கள் பேக்நியூ கோப்புகளை (அப்டேட் தனியாக விட்டுவைக்கும் புதிய கான்ஃபிக்) சேர்த்து எழுதிய புதிய அமைப்புகளைப் பழைய நிரல் படிக்கத் திணறலாம்.

சில வாரம் பின்னே போவதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓராண்டு, இரண்டாண்டு என்றால் வேறு தொல்லைகள் வரும். பேக்கேஜில் கையெழுத்திட்டவரின் சாவி இதற்குள் ரத்தாகியிருந்தால் சரிபார்ப்பு நிற்கும். கைவேலை கேட்ட அப்டேட்டுகளைத் தாண்டிப் பின்னே போவதும் கைவேலை கேட்கும். 2025 ஜூனில் லினக்ஸ்-ஃபர்ம்வேர் பேக்கேஜ் நிறுவனவாரியாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய தேதிக்குப் போனால், பழைய ஒற்றைப் பேக்கேஜின் கோப்புகள் இப்போது பிரிந்த பேக்கேஜ்களிடம் இருப்பதால் பேக்மேன் கோப்பு மோதல் என்று நின்றுவிடும்.

இதற்கெல்லாம் நெட் வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கெட்டது வைஃபை டிரைவர் என்றால், போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் செய்வதுதான் சட்டென்று கைக்கு வரும் வழி.

ஸ்னாப்ஷாட்: எளிது என்று நினைக்கும் இடத்தில்தான் பள்ளம்

பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஸ்னாப்ஷாட் எடுப்பது நொடி வேலை. ஸ்னாப்ஷாட்டுகளை நிர்வகிக்கும் ஸ்னாப்பரோடு ஸ்னாப்-பேக் நிறுவினால் ஒவ்வொரு பேக்மேன் வேலைக்கும் முன்னும் பின்னும் தானாக எடுத்துக்கொள்ளும். க்ரப்-பிடிஆர்எஃப்எஸ் அவற்றை பூட் மெனுவில் வரிசைப்படுத்தும். எது கெடுத்தது என்று தெரியாமலேயே சில நிமிடத்தில் வேலைக்குத் திரும்பிவிடலாம், நெட்டும் வேண்டாம். அன்றாட வேலை செய்யும் கணினிக்கு இதுதான் நாங்கள் சொல்லும் வழி. ஆனால் அமைப்பு சரியாக இருந்தால் மட்டுமே. தவறான அமைப்பில் உள்ள ஸ்னாப்ஷாட், இல்லாத ஸ்னாப்ஷாட்டைவிட மோசம். இருக்கிறது என்ற தைரியத்தில் அப்டேட் செய்துவிடுவோம்.

முதல் பள்ளம் பூட் பார்ட்டிஷன். யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனையே (கணினி எழும்போது முதலில் படிக்கும் பகுதி) /பூட் ஆக மவுன்ட் செய்திருந்தால் கர்னல் ஃபேட்32-இல் இருக்கும். ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது. ரூட்டை (சிஸ்டம் இருக்கும் முதன்மைப் பகுதி) பின்னே திருப்பியதும் கர்னல் புதிது, /யூஎஸ்ஆர்/லிப்/மாட்யூல்ஸில் இருக்கும் மாட்யூல்கள் (டிரைவர் போன்ற கர்னல் துணைக் கோப்புகள்) பழையவை. இனிட்ராம்எஃப்எஸ் தன்னுள்ளே இருக்கும் மாட்யூல்களை வைத்து ரூட்டை மவுன்ட் செய்துவிடும். அதன்பின் ஃபேட் மாட்யூலைத் தேடினால் கிடைக்காது, /பூட் மவுன்ட் ஆகாது, அவசர நிலை ஷெல்லில் போய் நிற்கும். சில கணினிகளில் கீபோர்டுகூட வேலை செய்யாது. தீர்வு: யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனை /இஎஃப்ஐ-யில் மவுன்ட் செய்து, /பூட்டை பிடிஆர்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே வைத்து, க்ரப் பயன்படுத்துவது; க்ரப்புக்கு பிடிஆர்எஃப்எஸ் படிக்கத் தெரியும். க்ரப்புக்குப் பதில் சிஸ்டம்டி-பூட்தான் வேண்டும் என்பவர்கள், ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன் /பூட்டை ரூட்டுக்குள் ஓர் அடைவில் நகலெடுக்கும் பேக்மேன் ஹுக் (தானாக ஓடும் கட்டளை) ஒன்று எழுதிக்கொள்ளட்டும். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், லைவ் யூஎஸ்பி வழியாக க்ரூட் போட்டு, மாட்யூல் வெர்ஷனுக்குப் பொருந்தும் கர்னல் பேக்கேஜைக் கேஷிலிருந்து மறுபடி நிறுவினால் இரண்டும் ஒத்துப்போகும்.

இரண்டாவது, பேக்கேஜ் தரவுத்தளம். பேக்மேன் எதெல்லாம் நிறுவியிருக்கிறது என்ற பதிவை /வார்/லிப்/பேக்மேனில் வைக்கிறது. /வார் முழுவதையும் தனி சப்வால்யூமாக (தனியே ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய பகுதியாக) பிரித்தவர்களுக்கு, ரூட் பின்னே போனாலும் பதிவு முன்னேயே நிற்கும். புதிய வெர்ஷன் இருப்பதாகப் பேக்மேன் சாதிக்கும், டிஸ்க்கில் பழையது இருக்கும். தனியாகப் பிரிக்க வேண்டியவை /வார்/லாக், /வார்/கேஷ் இரண்டும், சர்வர் ஓட்டினால் அதன் தரவு அடைவும்தான். லாக்கைப் பிரித்தால் கெட்ட பூட்டின் பதிவு திருப்பிய பிறகும் படிக்கக் கிடைக்கும். கேஷைப் பிரித்தால், நீக்கிய பேக்கேஜ் கோப்புகளை ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டும் பிடித்து வைத்துக்கொண்டு டிஸ்க்கை நிரப்பாது.

மூன்றாவது, ஸ்னாப்பரின் ரோல்பேக் கட்டளை. அது செய்வது ஃபைல் சிஸ்டத்தின் இயல்பு சப்வால்யூமை மாற்றுவது. ஆர்ச்சில் பலரும் வைக்கும் அமைப்பில் கர்னல் வரியிலும் எஃப்எஸ்டேபிலும் (மவுன்ட் பட்டியல் கோப்பு) "@" என்ற சப்வால்யூமின் பெயர் நேரடியாக எழுதியிருக்கும். கட்டளை வெற்றி என்று சொல்லும், ரீபூட் செய்தால் அதே கெட்ட சிஸ்டம் எழும். இந்த அமைப்பில் கையால்தான் மாற்ற வேண்டும்: லைவ் யூஎஸ்பியில் சப்வால்யூம் ஐடி 5-ஐ மவுன்ட் செய்து, @-ஐ வேறு பெயருக்கு நகர்த்தி, நல்ல ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுதக்கூடிய புதிய @ உருவாக்கி, ரீபூட். எஃப்எஸ்டேபில் ஐடி எண்ணும் எழுதியிருந்தால் அதை நீக்கிவிடுங்கள். புதிய @-க்கு ஐடி வேறு. டைம்ஷிஃப்ட் என்ற இன்னொரு ஸ்னாப்ஷாட் கருவி இந்த @ அமைப்பையே எதிர்பார்ப்பதால் இந்த இடத்தில் ஸ்னாப்பரைவிடச் சிக்கல் குறைவு.

எழுந்ததும் பேக்மேன் "தரவுத்தளத்தைப் பூட்ட முடியவில்லை" என்றால் பதற வேண்டாம். அந்த ஸ்னாப்ஷாட் பேக்மேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தது. பூட்டுக் கோப்பும் அதோடு உறைந்திருக்கிறது. /வார்/லிப்/பேக்மேனில் உள்ள டிபி.எல்சிகே கோப்பை நீக்கினால் போதும்.

இந்தப் பள்ளங்கள் பெரும்பாலானவற்றை ஓபன்சூசே டம்பிள்வீட் முன்கூட்டியே மூடிவிட்டது. ரூட் பிடிஆர்எஃப்எஸ், ஸிப்பரோடு (அதன் பேக்கேஜ் மேலாளர்) பிணைத்த ஸ்னாப்பர், எல்லாம் நிறுவும்போதே வந்துவிடும். /வார் தனி சப்வால்யூம்தான். ஆனால் ஆர்பிஎம் (அதன் பேக்கேஜ் வடிவம்) தரவுத்தளத்தை /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்இமேஜுக்கு நகர்த்திவிட்டார்கள், அதனால் அது ரூட்டோடே பின்னே வரும். க்ரப் மெனுவில் படிக்க மட்டுமான ஒரு ஸ்னாப்ஷாட்டை எழுப்பி, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்னாப்பர் ரோல்பேக் கொடுத்து ரீபூட் செய்தால் முடிந்தது. இங்கே விடுபடுவது /ஆப்ட். கூகுள் குரோம் அங்கேதான் உட்காரும். சிஸ்டம் பின்னே போனாலும் குரோம் புதிதாகவே இருக்கும், ஆர்பிஎம் மட்டும் பழைய எண்ணைச் சொல்லும். அடுத்த அப்டேட்டில் தானே சரியாகிவிடும். மறுபக்கம், ஒற்றைப் பேக்கேஜைப் பின்னிறக்குவது டம்பிள்வீட்டில் ஆர்ச் அளவுக்கு எளிதல்ல. முதன்மை ரெப்போவில் புதியது மட்டுமே இருக்கும், இறக்கிய ஆர்பிஎம்களை ஸிப்பர் இயல்பாக வைத்துக்கொள்வதும் இல்லை.

இட விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் இடம் பிடிக்காது. அதன்பின் மாறும் ஒவ்வொன்றின் பழைய பிரதியும் தங்கிவிடும். பெரிய கோப்பை நீக்கியும் இடம் கூடவில்லை என்றால் பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று அதைப் பிடித்திருக்கிறது. ரூட்டுக்கு 30 ஜிபி மட்டும் ஒதுக்கியவர்கள் எண்ணிக்கை வரம்பை 10-க்குள் வைப்பது நல்லது. டிஸ்க் போனால் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். பேக்கப் வேறு வேலை.

நிக்ஸ் ஓஎஸ்

பின்வாங்குவதை ஒரு கருவியாக ஒட்டவைக்காமல் அடித்தளத்திலேயே வைத்திருப்பது இது. ஒவ்வொரு ரீபில்டும் (கான்ஃபிக்கிலிருந்து சிஸ்டத்தை மறுபடி கட்டுவது) ஒரு தலைமுறை. பூட் மெனுவில் பழைய தலைமுறையைத் தேர்ந்தெடுத்தால் அதன் கர்னல், பேக்கேஜ்கள், /இடிசி கான்ஃபிக் எல்லாம் சேர்ந்து எழும். கர்னலும் மாட்யூலும் பொருந்தாத மேலே சொன்ன விபத்து இங்கே நடக்காது. ஓடும் சிஸ்டத்திலேயே ரீபில்ட் ஸ்விட்சுக்கு "ரோல்பேக்" விருப்பம் கொடுத்தும் திரும்பலாம்.

ஆனால் நீங்கள் எழுதிய கான்ஃபிக்கும் பேக்கேஜ் மூலத்தின் பதிப்பைக் குறித்துவைக்கும் ஃப்ளேக் லாக் கோப்பும் பின்னே போவதில்லை. பழைய தலைமுறையில் எழுந்துவிட்டு எதையோ ஒன்றைச் சேர்க்க ரீபில்ட் கொடுத்தால், கெட்ட பேக்கேஜ்கள் அப்படியே திரும்பி வரும். லாக் கோப்பை கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) வைத்து முந்தைய கமிட்டுக்குத் திருப்புவதும் பின்வாங்கலின் ஒரு பகுதிதான். சிஸ்டம்டி-பூட் பயன்படுத்தினால் கர்னல்களும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் யூஇஎஃப்ஐ பார்ட்டிஷனில் சேர்ந்துகொண்டே போகும். சிறிய பார்ட்டிஷன் ஒருநாள் ரீபில்ட் நடுவில் நிரம்பிவிடும். கான்ஃபிகரேஷன் லிமிட் 10 என்று எழுதி வைப்பது நல்லது. குப்பை சேகரிப்பை "டி" விருப்பத்தோடு ஓட்டினால் பழைய தலைமுறைகள் எல்லாமே போய்விடும். அப்டேட் செய்த அன்றே அதைச் செய்ய வேண்டாம்.

பின்வாங்குவதற்காக மட்டும் நிக்ஸுக்கு மாறுவது அதிகம். அதன் மொழியைக் கற்க ஆகும் வாரங்களில் ஆர்ச்சில் ஸ்னாப்ஷாட்டைப் பத்து முறை சரியாக அமைத்துவிடலாம். ஒரே அமைப்பு பல கணினிகளில் வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு வேறு.

எதுவும் திருப்பாதவை

நான்கு வழியிலும் உங்கள் ஹோம் அடைவும் சர்வர் தரவும் (ஸ்னாப்ஷாட் வழியில், அவை தனி சப்வால்யூமில் இருந்தால்) முன்னேயே நிற்கும், நிற்கவும் வேண்டும். நேற்று எழுதிய ஆவணத்தை யாரும் இழக்க விரும்புவதில்லை. அதன் விலை இது: புதிய ஃபயர்ஃபாக்ஸ் ஒருமுறை தொட்ட ப்ரொஃபைலைப் பழைய ஃபயர்ஃபாக்ஸ் திறக்க மறுக்கும் (வெர்ஷன் 67 முதல் இந்தத் தடுப்பு உண்டு), புது ப்ரொஃபைல் உருவாக்கச் சொல்லும். புதிய பெரிய வெர்ஷன் போஸ்ட்கிரெஸ்க்கு (தரவுத்தள சர்வர்) மாற்றிய தரவு அடைவில் பழைய போஸ்ட்கிரெஸ் எழவே எழாது. அப்படிப்பட்ட அப்டேட்டுக்கு முன் டம்ப் (தரவின் முழு ஏற்றுமதி நகல்) எடுத்து வைப்பதற்கு எந்த ஸ்னாப்ஷாட்டும் ஈடாகாது.

பாதுகாப்பும் பின்னே போகும். கோப்புகளைச் சுருக்கும் கருவியான எக்ஸ்இஸட்டின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் பின்கதவு இருந்தது 2024 மார்ச் 29-இல் வெளிவந்தது. டம்பிள்வீட் அதைச் சரிசெய்த விதம் பாருங்கள்: பழைய 5.4-ஐயே "5.6.1.ரிவர்ட்டு5.4" என்ற பெரிய எண்ணில் அப்டேட்டாக அனுப்பினார்கள். அந்த மார்ச்சில் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கோ காப்பகத் தேதிக்கோ இன்று திரும்பினால் பழுதான எக்ஸ்இஸட்டும் கூடவே திரும்பலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஆர்ச் வகையில் ஏற்கெனவே எக்ஸ்ட்4-இல் (ஸ்னாப்ஷாட் வசதி இல்லாத ஃபைல் சிஸ்டம்) இருப்பவர்கள் ஸ்னாப்ஷாட்டுக்காக மறுபடி நிறுவ வேண்டியதில்லை. பேக்கேஷ் டைமர், இரண்டாவது கர்னலாக லினக்ஸ்-எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுள்ள கர்னல்), லைவ் யூஎஸ்பி: இந்த மூன்றும் பெரும்பாலான விபத்துகளுக்குப் போதும். எல்டிஎஸ் கர்னலை நிறுவியதோடு நிற்காமல், பூட் மெனுவில் தெரிகிறதா, அதற்குரிய ஹெடர்ஸ் இருக்கிறதா, டிகேஎம்எஸ் மாட்யூல் (ஒவ்வொரு கர்னலுக்கும் தனியாகக் கட்டப்படுவது) அதற்கும் கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை அதில் எழுப்பிப் பார்த்துவிடுங்கள். புதிதாக நிறுவுபவர், காலை 9 மணிக்கு வேலை தொடங்கியாக வேண்டியவர் என்றால் டம்பிள்வீட்; அமைப்பைக் கையால் செய்து பார்க்கும் ஆர்வம் இருந்தால் ஆர்ச்சில் பிடிஆர்எஃப்எஸ். ஜென்டூ, வாய்டு, டெபியன் சிட் மூன்றிலும் கேஷ் வழியின் ஒரு வடிவம் உண்டு. ஜென்டூவில் "பில்ட்பிகேஜி" அம்சத்தை இயக்கி பைனரிகளைச் சேமித்து வைக்காவிட்டால், பின்வாங்குவது மணிக்கணக்கில் கம்பைல் செய்வதாகிவிடும்.

ஸ்னாப்ஷாட்டால் எழுந்தவுடன் மறுபடி முழு அப்டேட் கொடுக்காதீர்கள். அதே குழியில் விழுவீர்கள். திருப்பிய நிலையில் பேக்மேன் லாக் பழைய பதிவோடு இருக்கிறதா, லாக் தனி சப்வால்யூமில் முழுதாக இருக்கிறதா பார்த்து, அதிலிருந்து சந்தேகப் பட்டியலை எடுங்கள். சந்தேகப் பேக்கேஜையும் அதன் கூட்டாளிகளையும் மட்டும் இக்னோர் வரியில் சேர்த்து மற்றதை அப்டேட் செய்யுங்கள். எழுந்தால் குற்றவாளி கிடைத்தது. பழுது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று விநியோகத்தின் பழுதுப் பட்டியலில் தேடி, இல்லையென்றால் இரு வெர்ஷன் எண்களையும் ஜர்னல் வரிகளையும் சேர்த்துப் பதியுங்கள். சரியான வெர்ஷன் வந்த அன்று இக்னோர் வரியை நீக்கிவிட்டு, மிரர் பட்டியலில் காப்பக முகவரி இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது அப்படியே கிடந்தால் எந்த அப்டேட்டும் வராமல் சிஸ்டம் அந்தத் தேதியிலேயே நின்றுவிடும், பேக்மேனோ ஒவ்வொரு முறையும் எல்லாம் புதிதாக இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருக்கும்.